வாத்து வாலும் அடைச்ச கூரையும்

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு போன் அடிச்சா ரெண்டே காரணம்தான் இருக்க முடியும். ஒண்ணு, ஊர்ல யாருக்காவது உடம்பு சரியில்லை. இல்லைன்னா என் பழைய டீம் லீடர். ஸ்டுட்கார்ட்ல நான் குப்பை கொட்டின காலத்துல என்னைக் கட்டி மேய்ச்சவர், அப்போதான் ரிட்டயர் ஆகியிருந்தார். கறாரான மனுஷன். குட்மார்னிங் எல்லாம் கிடையாது. "ஒரு கார் பார்க்கப் போறோம், டார்ச் லைட் எடுத்துக்கோ"ன்னார்.

என்ன கார்னு கேட்டேன்.

"கரேரா ஆர்.எஸ். 2.7. லைட்வெயிட்."

தூக்கம் போயே போச்சு. ஏன்னா அந்தக் காரோட விலை எனக்குத் தெரியும். அவருக்கு அந்தப் பணம் எங்கேருந்து வந்ததுன்னும் தெரியும். அதுக்கு முந்தின வருஷம்தான் அவங்க அம்மா தவறிப் போயிருந்தாங்க. அண்ணன் தங்கச்சி ரெண்டு பேரும் சேர்ந்து அம்மா வீட்டை வித்தாங்க. அவர் பங்கு முழுசும், கூடவே சேமிப்பும், இந்த ஒத்தைக் காருக்குப் போகப் போகுது. சின்னப் பையனா இருந்தப்ப பக்கத்துத் தெருவுல ஒரு வெள்ளைக் கார் நின்னுச்சாம், பக்கவாட்டுல சிவப்பு எழுத்தோட. அதைப் பார்க்கவே பள்ளிக்கூடம் விட்டு சுத்து வழியில வீட்டுக்குப் போவாராம். அம்பது வருஷ ஆசைங்க. இப்படிப்பட்ட ஆசையோட கார் வாங்கப் போறவனைவிட ஆபத்தான ஆள் உலகத்துலயே கிடையாது. அதனாலதான் டார்ச் லைட்டோட நான்.

இந்தக் காரைப் பத்தித் தெரியாதவங்களுக்குக் கொஞ்சம் முன்கதை. தெரிஞ்சவங்க நாலு பத்தி தாண்டிக் குதிச்சிடுங்க.

1972-ல போர்ஷேவுக்கு ஒரு பிரச்சினை. ரேஸ்ல 911-ஐ இறக்கணும், ஆனா விதிப்படி அதே மாதிரி 500 கார் தெருவுல ஓடறதுக்குத் தயாரிச்சிருக்கணும். சரி, 911 எஸ் காரை எடுத்து இளைக்க வைப்போம்னு ஆரம்பிச்சாங்க. மெல்லிய தகடு, மெல்லிய கண்ணாடி, பின்னாடி அகலமான சக்கரம், அதுக்குத் தகுந்த மாதிரி அகலம் கூட்டின பின்பக்க மட்கார்டு. 2.4 லிட்டர் இன்ஜினோட சிலிண்டர் விட்டத்தை 84-லேர்ந்து 90 மில்லிமீட்டருக்கு ஏத்தினாங்க. 2,687 சி.சி. ஆச்சு, 210 குதிரை சக்தி. அவ்வளவு பெரிசா குடைஞ்சா சிலிண்டர் சுவர் தாங்கணுமே? அதுக்குத்தான் நிக்கசில்னு ஒரு பூச்சு. நிக்கலும் சிலிக்கன் கார்பைடும் கலந்தது.

வேகமாப் போனா 911-க்குப் பின்பக்கம் லேசா மேலே தூக்கும். அதை அமுக்கறதுக்கு இன்ஜின் மூடியில ஒரு தூக்கலான விளிம்பு வெச்சாங்க. ஜெர்மன்ல ப்யூர்ட்சல், இங்கிலீஷ்காரன் வாத்து வால்னான். அழகுக்காக வெச்சதுன்னு இன்னிக்கும் பலர் நினைக்கறாங்க. இல்லை, காத்துக்காக வெச்சது. அழகு போனஸ்.

அக்டோபர் 1972, பாரிஸ் கார் கண்காட்சியில காட்டினாங்க. 500 காரை யார் வாங்குவான்னு விற்பனைப் பிரிவு ஆளுங்களுக்கே பயம். ஆனா சில வாரத்துலயே அத்தனையும் போயிடுச்சு. இன்னும் போடு, இன்னும் போடுன்னு 1973 நடுப்பகுதி வரைக்கும் போட்டு மொத்தம் 1,580-ல வந்து நின்னாங்க. அந்த 1,580-க்குள்ள நாலு ஜாதி. ரேஸ் அனுமதிக்குன்னே அடிமட்ட எடையில விட்ட 17. ஸ்போர்ட்ங்கற லைட்வெயிட் 200, அதுக்கு எம்471-னு கோட். டூரிங் 1,308, அது எம்472. மீதி 55 நேரா பந்தயத்துக்குப் போன ஆர்.எஸ்.ஆர். அந்த ஆர்.எஸ்.ஆர். 1973-ல டேடோனா 24 மணி நேரப் பந்தயத்தையும் ஜெயிச்சுது, சிசிலியில டார்கா ஃப்ளோரியோவையும் ஜெயிச்சுது. அது தனிக் கதை.

இதுல ஒரு கூத்து பாருங்க. அன்னிக்கு அடிப்படை விலை 34,000 மார்க். ஸ்போர்ட் வேணும்னா 700 மார்க் கூட. டூரிங் வேணும்னா 2,500 கூட. அதாவது பின் சீட்டு, கடிகாரம், கை வைக்கற இடம், நல்ல கார்பெட் எல்லாம் இருக்கற டூரிங்தான் பணக்காரன் கார். ஸ்போர்ட்ல பின் சீட்டு இல்லை, கடிகாரம் இல்லை, கதவைச் சாத்த ஒரு பட்டை வார்தான், பக்கத்து சீட்டுக்காரருக்கு வெயில் மறைப்புகூட இல்லை. எடை 960 கிலோ, டூரிங் 1,075. இன்னிக்கு நிலைமை தலைகீழ். ஒண்ணுமே இல்லாத அந்த ஸ்போர்ட், எல்லாம் இருக்கற டூரிங்கைப் போல ஏறக்குறைய ரெண்டு மடங்குக்குப் போகுது. எங்கே ரெண்டு மடங்கு லாபம் இருக்கோ அங்கே ஸ்பானரோட ஒருத்தன் நிப்பான். நம்ம கதையே அதுதான்.

இப்போ என் கருத்துக்கு வர்றேன். இந்தக் கார் உண்மையான்னு பார்க்கப் போறவங்கள்ல பத்துக்கு எட்டு பேர் பார்க்கறது எதைன்னா, எதையெல்லாம் கடையில வாங்க முடியுமோ அதை. வாத்து வால் இருக்கா? கடையில கிடைக்கும். 'கரேரா' எழுத்து? ஸ்டிக்கர்ங்க அது. வெள்ளைக் காருக்கு எழுத்தும் சக்கரத்தோட நடுப்பகுதியும் ஒரே நிறத்துல, சிவப்போ நீலமோ பச்சையோ இருக்கா? பெயிண்ட் டப்பா எந்த ஊர்லயும் விக்கறான். முன்னாடி 6 இன்ச், பின்னாடி 7 இன்ச் ஃபுக்ஸ் சக்கரம்? காசு கொடுத்தா வரும். பெல்ஜியத்துல செஞ்ச மெல்லிய கிளாவர்பெல் கண்ணாடி? அதையும் தேடிப் பிடிச்சு மாட்டறவங்க உண்டு. இத்தனையும் இருந்தா ஒரிஜினல்னு சொல்றது, காஞ்சிபுரத்துல வாங்கின அட்டைப்பெட்டியில இருக்கறதால இது காஞ்சிப் பட்டுதான்னு சொல்ற மாதிரி.

தலைகீழாவும் சொல்லணும். இதெல்லாம் இல்லைங்கறதால போலின்னும் ஆயிடாது. அம்பது வருஷத்துல கண்ணாடி உடையாதா? யாரோ பின்னாடி வந்து இடிச்சு மூடி நொறுங்காதா? எண்பதுகள்ல இதெல்லாம் வெறும் பழைய கார். வாத்து வாலைக் கழட்டிட்டு அப்போ ஃபேஷனா இருந்த பெரிய இறக்கையை மாட்டினவங்க எல்லாம் இருந்தாங்க. உண்மையான கார்தான் நிறைய அடி வாங்கியிருக்கும், நிறைய மாறியும் இருக்கும்.

அப்போ எதைப் பார்க்கறது? நம்ம ஊர்ல நிலம் வாங்கும்போது என்ன பண்ணுவோம். தோப்பு பச்சைப்பசேல்னு இருக்கேன்னு அட்வான்ஸ் கொடுத்துடுவோமா? மூலப்பத்திரம் எங்கே, பட்டா யார் பேர்ல, வில்லங்கம் இருக்கான்னுதானே பார்ப்போம். இதுவும் அதேதான்.

முதல்ல சேஸிஸ் நம்பர். இந்தக் காருக்கு அது 911 360-ல ஆரம்பிக்கும், அப்புறம் நாலு இலக்கம். 911-க்கு அடுத்த 3, 1973 மாடல்ங்கறதைச் சொல்லுது. அடுத்த 6-தான் ஆர்.எஸ். கடைசி 0, கூரை போட்ட கூப்பே. அதே வருஷத்து டி மாடல்னா அந்த 6 இருக்கற இடத்துல 1 இருக்கும், இ-ன்னா 2, எஸ்-ன்னா 3. ஒரே ஒரு இலக்கம்! அந்த ஒரு இலக்கத்துக்குத்தான் இத்தனை லட்சம். நம்பரை முன்பக்க டிக்கியில தகட்டுலயே அடிச்சிருப்பாங்க. அதுதவிர ரிவிட் அடிச்ச தனிப் பட்டயமும் உண்டு. பட்டயத்தை நம்பவே நம்பாதீங்க, ரெண்டு ரிவிட்டுதானே. தகட்டைப் பாருங்க. ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல பேப்பரை வெச்சுப் பென்சிலால தேய்ச்சு எடுப்பாங்களே, அது மாதிரி விரலால தடவிப் பாருங்க. நம்பரைச் சுத்தி தகடு ஏன் இவ்வளவு வழவழன்னு இருக்கு, எழுத்துங்க ஏன் ஒண்ணு ஏறி ஒண்ணு இறங்கி நிக்குது, சுத்தி ஒரு வெல்டிங் கோடு ஓடுதா. கண்ணைவிட விரலுக்கு இது நல்லாத் தெரியும்.

அடுத்தது இன்ஜின். இதுல ஒரு பெரிய பள்ளம் இருக்கு, விஷயம் தெரிஞ்சவங்களே விழுவாங்க. ஆர்.எஸ். இன்ஜினோட வகை 911/83. "911/83-ன்னு இருக்கு சார், பாருங்க"ன்னு காட்டுவாங்க. ஆனா அதே 911/83-ஐ 1974, 75-ல ஐரோப்பாவுக்குப் போன சாதாரண கரேரா 2.7-லயும் போட்டாங்க. அதே 210 குதிரை. வகை சரியா இருந்தா போதாது, இன்ஜின் நம்பர் 663-ல ஆரம்பிக்கணும். அந்த 3-தான் 1973. 664-ன்னு இருந்தா அது நல்ல இன்ஜின்தான், ஆனா இந்தக் காரோட பிறந்தது இல்லை. இன்னொண்ணு, மூடியைத் திறந்தா பாஷ் மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப் இருக்கணும், கேம்ஷாஃப்ட்லேர்ந்து பெல்ட்ல ஓடும். ஆனா 2.4 எஸ் காருக்கும் இதே ஏற்பாடுதான். வெளியிலேர்ந்து பார்த்தா ரெண்டும் அண்ணன் தம்பி. அந்த எஸ் இன்ஜினுக்கே 90 மில்லிமீட்டர் சிலிண்டரை மாட்டிட்டா உள்ளேயும் கிட்டத்தட்ட இதே இன்ஜின்தான். அதனால இன்ஜின் சத்தத்தைக் கேட்டு, "ஆஹா, இதுதான்"னு கண்ணை மூடித் தலையாட்டற ஆளுங்களைப் பார்த்தா எனக்குச் சிரிப்புதான் வரும். கியர்பாக்ஸுக்கும் ஒரு நம்பர் உண்டு. 915/08, 783-ல ஆரம்பிக்கும்.

தகட்டுல எனக்குப் பிடிச்ச தடயம் ஒண்ணு இருக்கு. 1972 மாடல்ல மட்டும் ஆயில் டேங்கைப் பின் சக்கரத்துக்கு முன்னாடி கொண்டு வந்தாங்க. அதுக்கு ஆயில் ஊத்த வலது கதவுக்குப் பின்னாடி வெளியிலேயே ஒரு சின்ன மூடி. என்ன ஆச்சு? பெட்ரோல் பங்க்ல இருந்த பையன், மூடியைப் பார்த்தான், பெட்ரோலை ஊத்திட்டான் :-) அடுத்த வருஷமே அந்த மூடியைத் தூக்கிட்டாங்க. ஆக, 1973 ஆர்.எஸ்.னு சொல்ற கார்ல வலது கதவுக்குப் பின்னாடி உள்பக்கமா ஒரு மூடியை அடைச்ச வெல்டிங் தெரிஞ்சா, அந்த பாடிக்கு வேற ஒரு பிறந்தநாள் இருக்குன்னு அர்த்தம். இதுலயும் அவசரப்படக் கூடாது. ஒரு விபத்துக்கு அப்புறம் கையில கிடைச்ச 72 காரோட பக்கத் தகட்டை வெட்டி ஒட்டியிருக்கலாம். ஒத்தைத் தடயத்தை வெச்சுத் தீர்ப்பு சொன்னா மானம் போகும். எனக்குப் போயிருக்கு.

அதையும் சொல்லிடறேன். ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்துல ஒரு ஞாயித்துக்கிழமை பழைய கார்க்காரங்க கூடியிருந்தாங்க. நான் அப்போதான் நாலு புத்தகம் படிச்சு முடிச்சு, எல்லாம் தெரிஞ்ச ஏகாம்பரமா அலைஞ்சுகிட்டிருந்த நேரம். ஒரு மஞ்சள் கார் நின்னுது. வாத்து வால், எழுத்து எல்லாம் இருக்கு. எட்டிப் பார்த்தா உள்ளே பின் சீட்டு, டேஷ்போர்டுல கடிகாரம், கூரையில திறக்கற ஜன்னல் வேற. கூட வந்தவன்கிட்ட சத்தமா, "இது டூப்ளிகேட்டுடா, ஆர்.எஸ்.ல பின் சீட்டே கிடையாது"ன்னு அடிச்சு விட்டேன். தமிழ்ல இல்லைங்க, ஜெர்மன்ல. பக்கத்துல மடக்கு நாற்காலியில ஒரு அம்மா ஃபிளாஸ்க்லேர்ந்து காபி ஊத்திக்கிட்டிருந்தாங்க. எழுந்து வந்தாங்க. கோபமே இல்லை. கையுறைப் பெட்டியைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து நீட்டினாங்க. 1973-ல அவங்க கணவர் வாங்கின ரசீது. எம்472. அப்புறம் சொன்னாங்க, "பிள்ளைங்க ரெண்டு பேரும் இந்தப் பின் சீட்டுலதான் வளர்ந்தாங்க."

என் காது மடல் சூடானது இன்னிக்கும் ஞாபகம் இருக்கு. நான் படிச்சதெல்லாம் அந்த 200 காரைப் பத்தி. மீதி 1,308 என் கண்ணுக்கு ஆர்.எஸ்.ஸாவே தெரியலை. அந்த அம்மா அதுக்கப்புறம் எனக்கும் ஒரு கப் காபி கொடுத்தாங்க. அதுதான் பெரிய தண்டனை.

சரி, சனிக்கிழமைக்கு வருவோம்.

கார் ஒரு வியாபாரியோட ஷெட்டுல நின்னுது. ஊரும் பேரும் வேண்டாம். கிராண்ட் பிரி வெள்ளை, சிவப்பு எழுத்து. நம்ம ஆள் அதைப் பார்த்த பார்வையைப் பார்த்ததும், சரி, இனி இவரால ஒரு பிரயோஜனமும் இல்லைன்னு புரிஞ்சு போச்சு. சக்கரத்துக்குப் பக்கத்துல குத்த வெச்சு உக்காந்துட்டார். நான் வேலையை ஆரம்பிச்சேன்.

சேஸிஸ் நம்பர் 911 360. விரலால தடவினேன், சுத்தம். இன்ஜின் 663. கியர்பாக்ஸ் 783. பின் மட்கார்டு அகலம் சரி. வலது கதவுக்குப் பின்னாடி எந்த வெல்டிங்கும் இல்லை. எனக்கே படபடன்னு ஆயிடுச்சு. உண்மையான ஆர்.எஸ்.தான்! உள்ளே ஸ்போர்ட்டுக்கு உண்டானது எல்லாம் கச்சிதம். பட்டை வார், பக்கெட் சீட்டு, கடிகாரம் இருக்க வேண்டிய இடத்துல வெறும் மூடி, பின் சீட்டு இல்லை. முன்பக்கச் சின்னம்கூட உலோகமா இல்லாம ஸ்டிக்கரா ஒட்டியிருக்கு. வியாபாரி ரெண்டு கையையும் பின்னாடி கட்டிக்கிட்டு, கல்யாண வீட்டுல மாப்பிள்ளையோட அப்பா நிக்கற மாதிரி நின்னார்.

கொஞ்சம் அதிகமாவே கச்சிதமா இருக்கேன்னு தோணிச்சு. காரணம் சொல்லத் தெரியலை. கதவைத் திறந்து கீல் பக்கமா டார்ச் அடிச்சேன். அங்கே தூணுக்குள்ளேர்ந்து ஒரு சின்ன ரப்பர் குழாயோட முனை எட்டிப் பார்த்துது. காஞ்சு கருவாடாப் போன குழாய். இது என்னடா வயரும் இல்லை, பிரேக் லைனும் இல்லைன்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன். அப்புறம்தான் உறைச்சுது, மழைத்தண்ணிக் குழாய்! திறக்கற கூரை உள்ள கார்ல நாலு மூலையிலேர்ந்தும் தண்ணி வடியறதுக்குக் குழாய் இறக்கியிருப்பாங்க. ஆனா இந்தக் காரோட கூரை ஒரே தகடு. திறப்பே இல்லாத கூரைக்கு எதுக்குத் தண்ணிக் குழாய்?

பெயிண்ட் கனம் பார்க்கற மீட்டரை கூரை மேல வெச்சேன். ஓரத்துல ஒரு அளவு, நடுவுல ஒரு அளவு, ரெண்டுக்கும் இடையில சதுரமா ஒரு கோடு முழுக்க பட்டி. நல்ல டிங்கர், ஒத்துக்கறேன். கண்ணுக்குத் துளி தெரியலை. தொழில் சுத்தம். அந்தத் தொழிலாளிக்கு அவன் பண்ற வேலை எதுக்குன்னு தெரிஞ்சிருக்குமோ என்னவோ.

ஒரு கிராம் எடைக்குக் கணக்குப் பார்த்துக் கடிகாரத்தைக்கூட விட்டுட்ட லைட்வெயிட்டுல மோட்டார் வெச்ச கூரை ஜன்னலை எவன் கேட்பான்? முடிவு எனக்குத் தெரிஞ்சு போச்சு. ஆனா அந்த மஞ்சள் கார் அம்மா ஞாபகத்துக்கு வந்தாங்க. வாயை மூடிக்கிட்டு ஒரே ஒரு விஷயம் மட்டும் கேட்டேன்: "தொழிற்சாலைப் பதிவு இருக்கா?" ஏன்னா நம்பர் இதுக்கு உதவாது. ஸ்போர்ட்டுக்கும் டூரிங்குக்கும் தனித்தனி நம்பர் வரிசை கிடையாது, எல்லாம் ஒரே 360. இந்தக் குறிப்பிட்ட கார் எந்தக் கோடோட வெளியே போச்சுங்கறது போர்ஷே வெச்சிருக்கற பதிவுல மட்டும்தான் இருக்கும். நான் சொன்ன மூலப்பத்திரம் அதுதான்.

"விண்ணப்பிச்சிருக்கோம், வரும்"ன்னார். நாங்களும் வரட்டும்னு கிளம்பி வந்துட்டோம். திரும்பி வர்ற வழியெல்லாம் அவர் ஒரு வார்த்தை பேசலை. வீட்டு வாசல்ல இறக்கி விடும்போது மட்டும், "நீ வராம இருந்திருந்தா இன்னிக்கு சந்தோஷமாத் தூங்கியிருப்பேன்"ன்னார். நன்றி சொன்னாரா, திட்டினாரான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியலை.

பதிவு வர்றதுக்குச் சில வாரம் ஆச்சு. எம்472. டூரிங். கூடவே கூரை ஜன்னல்.

இந்த இடத்துல நண்பர்கள்கூட எனக்குப் பல தடவை சண்டை வந்திருக்கு. "உண்மையான ஆர்.எஸ்.தானே, உள்ளே கொஞ்சம் மாத்தியிருக்கான், ரெண்டும் ஒரே இன்ஜின், இதுல என்ன குடி முழுகிப் போச்சு?"ம்பாங்க. எனக்கு என்னமோ இது முழுப் போலியைவிட மோசம்னு படுது. சாதாரண 911 டி-யை வாங்கி, வாத்து வால் மாட்டி, "ஆர்.எஸ். மாதிரி பண்ணியிருக்கேன்"னு சொல்லி ஓட்டறவன்கிட்ட எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. நல்லா ஓட்டட்டும், ஜாலியான கார். ஆனா டூரிங்கை ஸ்போர்ட்டா மாத்தி விக்கறவன் ரெண்டு திருட்டு பண்றான். வாங்கறவன்கிட்ட ஒண்ணு. இன்னொண்ணு அந்தக் கார்கிட்டயே. 1973-ல யாரோ ஒருத்தர் 2,500 மார்க் கூடக் கொடுத்து, எனக்குக் கடிகாரம் வேணும், பிள்ளைங்களுக்கு சீட்டு வேணும், வெயில் அடிச்சா கூரையைத் திறக்கணும்னு பார்த்துப் பார்த்து ஆர்டர் பண்ணியிருக்கார். அந்த மனுஷனை அந்தக் கார்லேர்ந்து வெல்டிங் வெச்சு அழிச்சிருக்காங்க. பின் சீட்டைத் தூக்கிப் போட்டிருக்காங்க.

இதுக்கு நம்மள மாதிரி ரசிகர்களும் காரணம்னுதான் நான் சொல்லுவேன். ஸ்போர்ட்தான் அசல், டூரிங் கலப்படம்ங்கற மாதிரி எழுதி எழுதியே அந்த விலை வித்தியாசத்தை உண்டாக்கினோம். நடந்தது என்ன? ரேஸ் அனுமதிக்காகக் கார்களை முதல்ல இளைச்ச நிலையில எடை போட்டுக் காட்டிட்டு, அப்புறம்தான் யார் யார் என்ன கேட்டாங்களோ அதை உள்ளே மாட்டி அனுப்பினாங்க. ஒரே வயித்துப் பிள்ளைங்க. வாத்து வால் ரெண்டுக்கும் உண்டு, பில்ஸ்டைன் ஷாக் அப்சார்பர் ரெண்டுக்கும் உண்டு. நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட ஸ்போர்ட்டுக்கு 5.8 விநாடி, டூரிங்குக்கு 6.3. அரை விநாடி. அந்த அரை விநாடிக்காக ஒரு வீட்டு விலையைக் கூடக் கொடுக்கறது அவங்கவங்க இஷ்டம். ஆனா டூரிங்னு சொல்றப்ப உதட்டைப் பிதுக்காதீங்க. நான் ஒரு தடவை பிதுக்கினவன், அதனாலதான் சொல்றேன்.

வியாபாரிகிட்ட நம்ம ஆள் அந்தப் பதிவைக் காட்டினப்ப அவர் அலட்டிக்கவே இல்லையாம். "இதுக்கு முன்னாடி வெச்சிருந்தவர் பண்ணியிருப்பார், எனக்கு எப்படித் தெரியும்"னாராம். உண்மையாவும் இருக்கலாம். நாலு கை மாறின காருங்க, யார் பண்ணினதுன்னு நிரூபிக்க முடியாது. நம்ம ஆள் எழுந்து வந்துட்டார். ரெண்டு மாசம் அந்தக் காரைப் பத்திப் பேச்சே இல்லை. சரி, மறந்துட்டார்னு நினைச்சேன்.

மூணாவது மாசம் வியாபாரியே கூப்பிட்டிருக்கார். கூரையில அடைப்பு இருக்கற விஷயம் வெளியே பரவிடுச்சு போல, வேற யாரும் கேட்கலை. நம்ம ஆள் போய், டூரிங்குக்கு என்ன விலையோ அதுலேர்ந்து கூரையைச் சரி பண்ற செலவையும் கழிச்சு ஒரு தொகை சொன்னாராம். சொல்லிட்டு எழுந்தே நின்னுட்டாராம். முடிஞ்சுது. அம்மா வீட்டுப் பணத்துல பாதிக்கு மேல மிச்சம்.

அப்புறம் எங்க ரெண்டு பேருக்கும் பஞ்சாயத்து. கூரையை மறுபடி வெட்டித் திறக்கணும்ங்கறார் அவர். நான் வேண்டாம்னேன். வெட்டின தகட்டை மறுபடி வெட்டாதீங்க, அதுவும் அந்தக் காருக்கு நடந்த ஒரு விஷயம்தானே, பின் சீட்டையும் கடிகாரத்தையும் மட்டும் போட்டுட்டு அப்படியே விடுங்கன்னேன். "உனக்கு ஒருத்தன் பல்லைப் பிடுங்கிட்டா அதுவும் வரலாறுன்னு ஓட்டையோட திரிவியா?"ன்னு கேட்டார். பதில் சொல்லத் தெரியலை. இப்பவும் நான் சொன்னதுதான் சரின்னு நினைக்கறேன், ஆனா கார் அவரோடது.

நான் ஊர் திரும்பி ரெண்டு வருஷம் ஆகுது. போன மாசம் ஒரு சனிக்கிழமை காலையில, இங்கே மணி பதினொண்ணு இருக்கும், போன். ஏழரைக்கு அங்கே அவர் காபி குடிக்கற நேரம். வழக்கம் போல எடுத்த எடுப்புல விஷயம். 73-ம் வருஷக் கடிகாரம் ஒண்ணு கிடைச்சிடுச்சாம், டேஷ்போர்டுல மாட்டியாச்சாம். "ஓடுதா?"ன்னு கேட்டேன்.

"ஓடுது. ஒரு நாளைக்கு நாலு நிமிஷம் லேட்டு"ன்னார், பெருமையா.

டிஸ்கி: அந்த மஞ்சள் கார் அம்மா இதைப் படிக்கப் போறதில்லை, தமிழ் தெரியாது. இருந்தாலும், ஸாரிம்மா. காபி நல்லா இருந்துது.